கள்ளிமேட்டில் தூக்கிய கட்டை

ராஜாக்கள் யானைமேல் ஏறி ஊர்வலம் போன காலத்தில் நடந்தது இது. கேளுங்கள்.

அதியரையன் என்றொரு ராஜா இருந்தான். நல்லவன்தான், ஆனால் கொஞ்சம் அவசரக்காரன். அவன் நாட்டின் கிழக்குக் கோடியில் கள்ளிமேடு என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டதுமே ஊரின் லட்சணம் உங்களுக்குப் புரிந்திருக்கும்.

அந்த ஊர்ச் சுங்கச்சாவடியில் பாதைக்குக் குறுக்கே கட்டை போட்டு வரி வசூலித்தவன் கூத்தன். வசூலில் ஒரு பங்கு அவனுக்குக் கூலி. பலே கெட்டிக்காரன். வைக்கோல் வண்டிக்குள் ஒளித்துவைத்த மிளகு மூட்டையை மூக்காலேயே கண்டுபிடிப்பான். செக்கு ஓட்டினால் செக்கு வரி, தறி போட்டால் தறி வரி, சந்தையில் கூடையை இறக்கினால் கூடை வரி. புதிதாக ஒரு தறி போடவேண்டும் என்றால் ஊர் அதிகாரி, நாட்டு அதிகாரி, அரண்மனை அதிகாரி என்று மூன்று பேரிடம் அனுமதி வாங்கவேண்டும். மூன்றாவது அனுமதி கிடைப்பதற்குள் வாங்கிவைத்த நூலை எலி தின்றிருக்கும்.

"கள்ளிமேட்டிலிருந்து ஏன் இவ்வளவு குறைவாக வருகிறது?" என்று ராஜா கேட்டான்.

கூத்தன் வரியை ஏற்றினான். செக்குக்காரர்கள் ஊரைவிட்டுப் போனார்கள். மறுபடி ஏற்றினான். நெசவாளர்கள் போனார்கள். மூன்றாம் முறை ஏற்றப் பார்த்தபோது, ஏற்றுவதற்கு ஆள் இல்லை.

ஒருநாள் காலையில் சாவடியில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கூத்தன், தூரத்து மலைக்கு அப்பால் புழுதி எழுவதைப் பார்த்தான். குதிரையில் ஏறி விரட்டிப் போனான். பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு ஒரு வணிகர் கூட்டம் போய்க்கொண்டிருந்தது. அவர்களின் தலைவர் சாத்தப்பன் வியர்வையைத் துடைத்தபடி நின்றார்.

"என்ன செட்டியாரே, எங்கள் ஊர் வழியாகப் போனால் அரை நாள் பயணம். இந்த மலையைச் சுற்றி ஏன் அலைகிறீர்கள்?"

"உங்கள் பாதையில் தூரம் குறைவுதான் ஐயா. உங்கள் சாவடியைத் தாண்டத்தான் நாளாகிறது" என்றார் சாத்தப்பன். சொல்லிவிட்டு மாட்டைத் தட்டி ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

கூத்தன் வாடிய முகத்தோடு வீடு திரும்பினான். வாசலில் அவன் மனைவி நங்கை நின்றிருந்தாள். "பக்கத்து வீட்டுக்காரர்களும் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். பேச்சுத்துணைக்கு ஆளில்லை. இனி நீங்கள் எனக்குத்தான் வரி போடவேண்டும்" என்றாள்.

அவளுக்கு அது கேலி. கூத்தனுக்கு அது நெஞ்சில் தைத்தது. இந்த ஊரைக் காலிசெய்தது வறண்ட மண் மட்டுமல்ல, தன் கையும்தான் என்று அவனுக்கு உறைத்தது.

நேரே அரண்மனைக்குப் போனான். "மகாராஜா, பத்து வருடத்துக்குக் கள்ளிமேட்டில் சாவடிக் கட்டையைத் தூக்கிவைத்துவிடுவோம். வரி வேண்டாம், அனுமதி வேண்டாம். யார் வேண்டுமானாலும் வரட்டும், எந்தத் தொழில் வேண்டுமானாலும் செய்யட்டும். மூன்றே சட்டம் போதும். அளவையில் ஏமாற்றக்கூடாது. ஏரியில் கழிவைக் கொட்டக்கூடாது. உழைத்தவனைக் கூலி இல்லாமல் அனுப்பக்கூடாது."

சபையே சிரித்தது. கருவூலம் பார்த்த அமைச்சர் மல்லையருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது. ராஜா கையமர்த்தினான். "சரி, பத்து வருடம் தந்தேன். அதற்குள் ஊர் பிழைக்காவிட்டால் உன் வீடும் நிலமும் எனக்கு. சம்மதமா?"

கூத்தன் ஒருமுறை வீட்டையும் நிலத்தையும் நினைத்துக்கொண்டு, "சம்மதம்" என்றான்.

கட்டை மேலே போனது. ஆனால் ஒருவரும் வரவில்லை! சுங்கக்காரன் சும்மா விடுகிறான் என்றால் யார் நம்புவார்கள்? இதில் ஏதோ சூது இருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். கூலிக்கு வழியில்லாமல் கூத்தன் குதிரையை விற்றுச் சாப்பிட்டான்.

கடைசியில் சாத்தப்பன் வந்தார். முதலில் ஓர் உப்பு மூட்டையோடு வந்தார்; யாரும் தடுக்கவில்லை. அப்புறம் நாலைந்து மாடுகளோடு வந்தார், யாரும் தடுக்கவில்லை. அப்புறம் முழுக் கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு வந்தார். கூத்தன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். வழிப்போக்கர்களுக்கு நங்கை மோர் விற்றாள். புருஷனின் பழைய கூலியைவிட மோர்ப்பானை நன்றாகவே சம்பாதித்தது.

வணிகர் வந்ததால் நெசவாளர் திரும்பினார்கள். நெசவாளர் வந்ததால் சாயக்காரர் வந்தார்கள். இத்தனை வாய்க்கும் சோறு வேண்டுமே என்று செக்கும் உரலும் வந்தன. ஒரு சாயக்காரன் கழிவை ஏரியில் திறந்துவிட்டான். கூத்தன் அன்றைக்கே அவனை மூட்டை கட்டவைத்தான். மற்றபடி யார் தொழிலிலும் தலையிடவில்லை.

ஆறாம் வருடம் ராஜாவுக்குப் புது அரண்மனை கட்டும் ஆசை வந்தது. கள்ளிமேட்டுச் சந்தையின் இரைச்சல் தலைநகர் வரை கேட்டது. ராஜாவின் உத்தரவோடு மல்லையர் காவலர்களைக் கூட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

"ஊர் கொழுத்துவிட்டது. இன்றிலிருந்து வசூல். உனக்கும் பழையபடி பங்கு உண்டு, கூத்தா!"

கூத்தன் சபலப்படவில்லை என்று சொல்லமாட்டேன். இத்தனை வண்டிகளில் ஒரு பங்கு என்றால் ஏழு தலைமுறைக்குப் போதும். இருந்தும், "பத்து வருடம் என்பது ராஜா சபையில் கொடுத்த வார்த்தை. என் கையால் இந்தக் கட்டையை இறக்கமாட்டேன்" என்றான். காவலர்கள் அவனைப் பிடித்துத் தூணில் கட்டினார்கள். மல்லையரே கட்டையை இறக்கினார்.

மறுநாள் ராஜா, வரப்போகும் வசூலைக் கண்ணால் காண யானைமேல் வந்தான். சந்தையில் ஒரு தராசும் ஆடவில்லை. நெசவாளர்கள் தறியைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சாத்தப்பன் மாடுகளில் பொதி ஏற்றிக்கொண்டிருந்தார்.

"செட்டியாரே, கொஞ்சம் வரிக்கா ஊரைவிட்டு ஓடுகிறீர்?"

"வரிக்காக ஓடவில்லை மகாராஜா. ராஜா கொடுத்த வார்த்தையை நம்பித்தான் இங்கே கிடங்கு கட்டினேன். இன்று வார்த்தை மாறினால், நாளைக்கு எதை நம்பிச் சரக்கு இறக்குவது?"

ராஜாவின் முகம் சிவந்தது. தூணில் கட்டியிருந்த கூத்தனைப் பார்த்தான். அப்புறம் மல்லையர் பக்கம் திரும்பினான். "உண்மையைச் சொல்லும். இந்த ஊரால் கருவூலத்துக்கு ஒன்றுமே வரவில்லையா?"

மல்லையர் நெளிந்தார். "இங்கே நெய்த துணிதான் நம் துறைமுகத்தில் கப்பலேறுகிறது மகாராஜா. அங்கே சுங்கம் மூன்று மடங்காகியிருக்கிறது."

"இதை ஏன் ஐயா முன்னாலேயே சொல்லவில்லை?"

"நீங்கள் கள்ளிமேட்டு வசூலை மட்டும்தானே கேட்டீர்கள்?"

ராஜா வாய்விட்டுச் சிரித்துவிட்டான். யானையிலிருந்து இறங்கினான், கூத்தனைத் தானே அவிழ்த்துவிட்டான், கட்டையைப் பிடித்துத் தூக்கினான். அரண்மனையில் வளர்ந்த கைக்கு அது அசைவேனா என்றது. கூத்தன் ஒரு தோள் கொடுத்தான். கட்டை மேலே போனதும் பொதிகள் கீழே இறங்கின.

பத்து வருடம் முடிந்தபின் கள்ளிமேட்டுக்கு வரி வந்தது. பழைய வரியில் பாதிகூட இல்லை. தொழில் தொடங்க யாரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டியதில்லை. ஜனங்கள் முணுமுணுத்தார்கள், கட்டினார்கள், வேலையைப் பார்க்கப் போனார்கள். ஒருவரும் ஊரைவிட்டுப் போகவில்லை. அடுத்த மாதமே மேற்கே வறண்டு கிடந்த இன்னோர் ஊரின் பெயரைச் சொல்லி ராஜா கூத்தனைக் கூப்பிட்டனுப்பினான்.

கதை சொல்லும் நீதி இதுதான்: நொடித்துப்போன ஊரிடம் வரி கேட்பதற்கு முன் அது பிழைக்க வழிவிட வேண்டும், விட்ட வழியைச் சொன்ன நாள்வரை அடைக்காமலும் இருக்க வேண்டும்.