வசனத்தின் கீழே ஒரு பெயர்

பாளையங்கோட்டையில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் சின்னதாக ஒரு பதிப்பகம் இருந்தது. சினிமாவைப் பற்றியும் எழுத்தைப் பற்றியும் மட்டுமே புத்தகம் போடுவார்கள். நடத்தியவர் பிரமநாயகி. கல்லூரி வேலையை உதறிவிட்டு வந்தவர். எல்லோருக்கும் டீச்சர்.

அவரிடம் எழுத்து பழகியவர்களில் இருவருக்குத்தான் புத்தகம் வந்திருந்தது. ஒருவர் அறவாழி, தபால் துறையில் ஓய்வு பெற்றவர். டீச்சரைவிட வயதில் மூத்தவர் என்றாலும் அவரைக் குருவாகவே வைத்திருந்தார். இன்னொருத்தி ஜெசிந்தா, கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்தாள்.

அறவாழி எழுதியது 'வாக்கியம் கட்டுதல்'. எழுத வருகிறவர்களுக்கான கையேடு. ஜெசிந்தா எழுதியது 'அட்டைக் கிரீடங்கள்'. பழைய சரித்திரப் படங்களைப் பற்றிய கட்டுரைகள்.

புத்தகக் கண்காட்சியில் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருந்தார்கள். வந்தவர்கள் கிரீடத்தையே எடுத்தார்கள். ஒரு பெண் அறவாழியின் புத்தகத்தைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு அவரிடமே கேட்டாள்.

"சார், அட்டைக் கிரீடங்கள் தீந்துபோச்சா?"

"உள்ள இருக்கும்மா. எடுத்துத் தாரேன்."

எடுத்துக் கொடுத்தார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. எழுவாய்க்கும் பயனிலைக்கும் சண்டை மூட்டிவிட்டு வந்து நின்றவள் ஜெசிந்தா. அவள் வாக்கியங்களை நிமிர்த்தியது அவர்தான். இப்போது அவளிடம் கையெழுத்து வாங்க வரிசை நின்றது.

அவள் புத்தகம் இரண்டாம் பதிப்புக்கு வந்தது. அதில் ஒரு புது அத்தியாயம். திருமலைக்கொழுந்து என்று ஒருவர், ஒரு ராஜா படத்துக்கு முழு வசனமும் எழுதியவர். ஆனால் திரையில் வந்தது, அவர் யாரிடம் உதவியாளராக இருந்தாரோ அந்த வேங்கைமாறனின் பெயர். ஜெசிந்தா அம்பாசமுத்திரம் வரை போய், திருமலைக்கொழுந்தின் மனைவி சொர்ணத்தம்மாளைப் பார்த்து, கையெழுத்துப் பிரதிகளைப் பார்த்து, அதை எழுதியிருந்தாள். வெளியீட்டு விழாவுக்கு அந்த அம்மாள் வருவதாக இருந்தது.

அச்சுக்கு முன் பிழை பார்க்க, புரூஃப் அறவாழியிடம் போனது.

அந்த அத்தியாயத்தின் நடுவே படத்தின் வசனம் ஒன்றை முழுதாகக் கொடுத்திருந்தாள். பழைய வசனப் புத்தகத்திலிருந்து எடுத்தது. அங்கிருந்த பெயரும் கூடவே வந்துவிட்டது. வசனத்தின் கீழே, 'வேங்கைமாறன்'.

அறவாழி சிவப்புப் பேனாவைத் திறந்தார். கண்காட்சி வரிசை கண்ணுக்குள் வந்தது. பேனாவை மூடினார். முதல் தாளில் 'பிழை இல்லை' என்று எழுதிக் கொடுத்தனுப்பினார்.

மறுநாள் வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. பதிப்பகத்துக்குப் போனார். மாடிப்படியில் ஜெசிந்தா இறங்கி வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, பிழையே இல்லைன்னு எழுதிட்டியளாமே! நீங்க பாத்தாச்சுன்னா எனக்கு என்ன பயம்?"

அவர் ஒதுங்கி வழிவிட்டார்.

டீச்சர் மேஜையில் இருந்தார். புரூஃப் கட்டு அவர் முன்னால் கிடந்தது.

"அச்சுக்குப் போகலையா டீச்சர்?"

"போகணும். உக்காருங்க அண்ணாச்சி."

அவர் உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும். பொறாமைக்காரன் எழுத்தாளனா இருக்கலாமா?"

டீச்சர் கட்டைப் பிரித்து ஒரு தாளை உருவி நீட்டினார்.

"இதக் கொஞ்சம் வாசிங்க. சத்தமா."

அறவாழி பார்த்தார். அந்தப் பக்கம்தான். அரியணை கிடைக்காத தம்பி, முடிசூடிய அண்ணனிடம் பேசுகிற இடம். தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தார்.

"'அண்ணா! அந்த மகுடம் என் தலைக்குப் பொருந்தாது. அறிவேன். பொருந்தாது என்று அறிந்த தலைக்குத்தான் அல்லும் பகலும் அதன் பாரம்! நீ அதைக் கழற்றி வைத்துவிட்டு உறங்கிவிடுகிறாய். நான் எதைக் கழற்றுவேன்?'"

நிறுத்தினார்.

"இன்னும் ஒரு வரி இருக்கே" என்றார் டீச்சர்.

"அது பேரு."

"அதையும் வாசிங்க."

அறவாழி அந்த வரியில் விரலை வைத்தார்.

"திருமலைக்கொழுந்து" என்றார்.

"அப்படியா போட்டிருக்கு?"

அறவாழி மேஜையிலிருந்த பேனாவை எடுத்தார். வேங்கைமாறனை அடித்தார். பக்கத்தில் திருமலைக்கொழுந்து என்று எழுதினார். முதல் தாளைப் புரட்டி, 'பிழை இல்லை' என்பதையும் அடித்தார். பிறகுதான் உட்கார்ந்தார்.

"ஒங்களுக்கு முன்னாலயே தெரியுமா டீச்சர்?"

"பிழை எங்கன்னு தெரியாது. நேத்துத் தேடித்தான் கண்டுபிடிச்சேன்."

"ஏன் தேடுனீங்க?"

"அந்தப் பிள்ளைக்குப் பிழை இல்லாம எழுத வராது. ஒங்களுக்குப் பிழையப் பாக்காம விட வராது. ரெண்டு பேரும் எங்கிட்டதானே படிச்சீங்க?"

அறவாழி தலை குனிந்துகொண்டார்.

"அடிச்சு எழுதியாச்சு. ஆனா உள்ள இருக்கது போகல டீச்சர். அந்தம்மா வந்து மேடையில இவ கையப் புடிச்சு அழும். அத நெனச்சா இப்பவும் எரியுது. இது போகவே போகாதா?"

டீச்சர் அந்தத் தாளை வாங்கி, கட்டுக்குள் அதன் இடத்தில் செருகினார்.

"திருமலைக்கொழுந்துக்கும் போயிருக்காது அண்ணாச்சி. அத அவரு எங்க கொண்டுபோய் வச்சாருன்னுதான் இப்ப வாசிச்சீங்க."