அயோடின் சொன்ன பதில்

மாசானமுத்து பள்ளிக்கூடத்து வேதியியல் ஆசிரியர். நாற்பத்தாறு வயதில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். வழிகாட்டி ஜெசிந்தா அவரைவிடப் பத்து வயது இளையவர். அவர் இவரை 'சார்' என்பார், இவர் அவரை 'மேடம்' என்பார். இருவரில் யார் மாணவர் என்று ஆய்வக உதவியாளருக்கே குழப்பம்.

மறுநாள் ஆய்வுக்குழு முன்னால் அசிட்டோன், அயோடின் வினையின் வேக விதியை, அதாவது அதன் வேகம் எதெதைப் பொறுத்தது என்பதை, மாசானமுத்து சொல்லியாக வேண்டும். சொதப்பினால் ஆறு மாதம் போச்சு. மனிதர் பயந்துபோயிருந்தார்.

"மேடம், சமன்பாட்டுல அசிட்டோன் ஒண்ணு, அயோடின் ஒண்ணு. அயோடினை இரட்டிப்பாக்கினா வேகமும் இரட்டிப்பாகணும்லா? ஒன்பது நாளா பார்க்கேன். வேகம் அசைய மாட்டேங்கு."

"மத்ததெல்லாம்?"

"அசிட்டோன், அமிலம், சூடு எதையும் மாத்தல."

ஜெசிந்தா அவருடைய நோட்டை வாங்கிப் பார்த்தார். எல்லா அளவுகளும் சிவப்பு மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஓரத்தில் 'தவறு' என்று மாசானமுத்துவே எழுதி, கையெழுத்தும் போட்டிருந்தார். இருபது வருடம் விடைத்தாள் திருத்திய கை.

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாங்க சார், தோசை சாப்பிடலாம்."

கேன்டீனில் கூட்டம் அலைமோதியது. அடுப்பில் ஒரு கல், பரிமாற ஒரே ஆள். டோக்கன் வாங்கிய ஜெசிந்தா வரிசையில் நிற்கவில்லை. "நாமளும் பரிமாறுவோம் சார்" என்று ஆளுக்கொரு தட்டை எடுத்தார்.

பரிமாறுகிறவரோடு சேர்த்து மூன்று பேரும் தட்டோடு கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தோசை எப்போதும்போல நிதானமாகத்தான் வெந்தது. பசித்தவர்கள் முறைத்தார்கள்.

"ஆள் மூணு மடங்காச்சு. தோசை ஏன் சீக்கிரம் வரல?"

"கல்லு ஒண்ணுதானே மேடம்." சொன்னவர் தன் கையிலிருந்த தட்டைப் பார்த்தார். "அப்போ அயோடின்?"

"தட்டோட நிக்குது. அசிட்டோனும் அமிலமும்தான் கல்லு."

மாசானமுத்து விடவில்லை. "சமன்பாட்டுல அதுவும் இருக்கே மேடம்."

ஜெசிந்தா டோக்கனை நீட்டினார். "இதுல என்ன போட்டிருக்கு?"

"ரெண்டு தோசை."

"எத்தனை நிமிஷத்துலன்னு போட்டிருக்கா?"

"இல்ல. சமன்பாட்டுலயும் இல்ல."

தோசை வந்தது. மாசானமுத்து ஒரு விள்ளல் பிய்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். "நாளைக்குக் குழுகிட்ட என்ன சொல்லட்டும் மேடம்?"

"ஒன்பது நாளா நீங்க அயோடின்கிட்ட ஒரே கேள்வியைக் கேட்டீங்க. அதுவும் 'வேகம் என் கையில இல்ல'ன்னு ஒரே பதிலைத்தான் சொல்லிச்சு. அதையே சொல்லுங்க சார்."