விட்டுப்போன ஒரு கணினி

அந்தக் கல்லூரி அலுவலகத்துக் கணினிகள் எல்லாம் ரஹிமாவின் பொறுப்பு. தணிகாசலம் அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார். சீடருக்குத் தலை பாதி நரைத்துவிட்டது. குருவுக்குப் போன வருடம்தான் கல்யாணம் ஆனது. தணிகாசலம் கணக்குப் பிரிவிலிருந்து மாற்றலாகி வந்தவர், எதைச் சொன்னாலும் சட்டென்று பிடித்துக்கொள்வார். அதுதான் ரஹிமாவுக்கு அவரிடம் கொஞ்சம் பயம்.

கணினிகளில் இடம் போதவில்லை என்று பல பிரிவுகளிலிருந்து புகார் வந்திருந்தது. ஒவ்வொரு மேசையாகப் போய்க் குனிந்து நிமிர தணிகாசலத்துக்கு இஷ்டமில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாக் கணினிகளின் அழித்த கோப்புகள் விழும் குப்பைத்தொட்டியான ரீசைக்கிள் பின்னையும் காலி செய்ய கட்டளைகளை வரிசையாக அடுக்கி ஒரு ஸ்கிரிப்ட் எழுதினார். எல்லாரும் சாப்பிடப் போன நேரம் பார்த்து ஓட்டினார். கண்மூடித் திறப்பதற்குள் வேலை முடிந்தது. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை.

சாப்பாட்டு நேரம் முடிந்ததும் அஞ்சுகம் கண் கலங்க வந்து நின்றார். மாணவர்களுக்கு மாற்றுச் சான்றிதழ் தயார் செய்பவர் அவர். பாதி முடித்திருந்த சான்றிதழ்கள் மொத்தமும் காணோம். நாளை காலை பிள்ளைகள் வந்து வாங்கிப் போய் வேறு கல்லூரியில் சேர வேண்டும். நாளைதான் கடைசி நாள்.

எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டதற்கு, ரீசைக்கிள் பின்னில் என்றார். அவருடைய கணினியைப் பக்கத்துப் பிரிவுக்காரர்களும் பயன்படுத்துகிறார்கள். திரையில் எதை வைத்தாலும் அழித்துவிடுகிறார்களாம். குப்பையில் மட்டும் யாரும் கை வைப்பதில்லையாம். அதனால் எழுந்து போகும்போதெல்லாம் அதில் போடுவார், திரும்பி வந்ததும் எடுத்துக்கொள்வார்.

தணிகாசலத்துக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ரஹிமாவைத் தேடி ஓடினார். அவரும் தெரிந்த வழியெல்லாம் முயன்று பார்த்தார். போனது போனதுதான்.

"குப்பையைக் காலி பண்றது தப்பா மேடம்?"

"தப்பில்லை சார்."

"அப்ப, அவங்க அதுல வெச்சதுதான் தப்பு."

"அதையும் தப்புன்னு சொல்ல மாட்டேன்."

"ஒண்ணுமே புரியலை மேடம். யார் மேலதான் தப்பு?"

ரஹிமா ஸ்கிரிப்டைத் திறக்கச் சொல்லி மேலிருந்து கீழே படித்தார். ஒரு வரியில் விரல் வைத்தார்.

"ஆபீஸ் மெஷின் எல்லாம் இருக்கு. இந்த ஒண்ணை மட்டும் விலக்கி வெச்சிருக்கீங்க."

"அது என் மெஷின்."

"ஏன் விட்டீங்க?"

தணிகாசலம் யோசித்தார். காரணம் எதுவும் நினைவுக்கு வரவில்லை. எழுதும்போது கை தானாக எழுதியிருந்தது. நம்ம மெஷின்தானே என்று ஏதோ முணுமுணுத்தார். அதைச் சொல்லும்போது அவருக்கே வெட்கமாக இருந்தது.

"சரி. இப்ப அதை மட்டும் காலி பண்ணுங்க," என்றார் ரஹிமா.

தணிகாசலம் அந்த வரியைத் திருத்தினார். விரல் பொத்தான் வரைக்கும் போய் நின்றது.

"ஒரு நிமிஷம் மேடம். அதுல என்ன கிடக்குன்னு ஒரு தடவை பாத்துடறேன்."

"தாராளமா பாருங்க. பாத்துட்டு, இந்த நாற்காலியை எடுத்துக்கிட்டு அஞ்சுகம் பக்கத்துல போய் உக்காருங்க. அத்தனையையும் முதல்லேருந்து அடிக்கணும்."

தணிகாசலம் விரலை எடுத்தார். எதையும் திறந்து பார்க்கவில்லை. நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடந்தார்.