கண்ணாடிக்குள் விழாமல் நின்றவன்

கூழைப்பனையூரில் மூளைக்குப் பஞ்சம் என்று யாராவது சொன்னால் அந்த ஊர்க்காரர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். வரட்டும், எப்படியும் வேறு யார் வீட்டுக்காவதுதான் போய்ச் சேருவார்கள்.

அந்த வட்டாரத்தில் ஒரு வழக்கம். தேரோட்டத்தன்று ஊருக்கு ஒருவர் தேரடியில் முக்காலி மேல் ஒற்றைக்காலில் நிற்க வேண்டும். விழாமல் நிற்கிறவனுக்குத்தான் பரிவட்டம், முதல் மரியாதை. ஏழு வருஷமாகக் கீழக்குளத்துக்காரனே அதைத் தட்டிக்கொண்டு போனான். இந்த வருஷம் கூழைப்பனையூர் சார்பில் நல்லபெருமாள். தலையில் பரிவட்டத்தோடு மாமனார் வீட்டு வாசல் வழியாக ஒரு தடவை நடந்துவிட வேண்டும், அவனுக்கு அது போதும். பாவம், ரெண்டு காலில் நின்றாலே ஆடுகிற ஆள்.

வைத்தியரிடம் போனான்.

"கண்ணை மூடினா உடம்பு கூடுதலா ஆடும்வே. ஆளுயரக் கண்ணாடி முன்னால நின்னு பழகும். சாயுறது கண்ணுக்குத் தெரிஞ்சா உடம்பு தானா நிமிரும். கண்ணாடியில ஆள் நேரா நிக்கணும், அவ்வளவுதான்" என்றார் அவர்.

ஊர் வந்து சேர்வதற்குள் கடைசி வாக்கியம் மட்டும்தான் அவன் மண்டையில் மிச்சம் இருந்தது.

மரச்சட்டம் போட்ட கண்ணாடி வந்தது. நல்லபெருமாள் அதன் முன்னால் காலைத் தூக்கினான். மெல்லச் சாய்ந்தான்.

"ஐயையோ, உள்ள இருக்கவன் சாயுதாம்லே!" என்று அலறினார் ஊர்ப் பெரியவர் மாடக்கண்ணு.

"பிடிக்க முடியலையே அண்ணாச்சி, கண்ணாடி தடுக்கு" என்றான் ஐயம்பெருமாள்.

மாடக்கண்ணு தாடியைத் தடவித் தடவி யோசித்தார். "சட்டத்துக்கு அவன் கோணலா நிக்கான். அவனைத் திருப்ப முடியலைன்னா சட்டத்தைத் திருப்புங்கலே!"

நாலு பேர் சட்டத்தைச் சாய்த்தார்கள். உள்ளே இருந்தவன் சட்டத்துக்குள் கச்சிதமாக நின்றான். வெளியே இருந்தவன் தொப்பென்று விழுந்தான். ஊரே கைதட்டியது. முழங்கை சிராய்த்திருந்தாலும், உள்ளே இருந்தவன் நின்ற அழகு நல்லபெருமாளுக்கும் பிடித்துத்தான் இருந்தது.

ஒரு மாதப் பழக்கத்தில் சட்டம் பிடிக்கிற நாலு பேரும் நன்றாகத் தேறிவிட்டார்கள்.

தேரோட்டத்தன்று கண்ணாடியைத் தேரடிக்கே தூக்கிப் போய் முக்காலிக்கு எதிரே பிடித்தார்கள். நல்லபெருமாள் ஏறினான். அவன் ஆட, சட்டமும் ஆடியது. அவன் சாய, சட்டமும் சாய்ந்தது. 'அடேயப்பா, என்னமா நிக்கேன்!' என்று அவனுக்கே பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமையோடேயே குப்புற விழுந்தான். மற்ற ஊர்க்காரர்கள் எல்லாரும் விழுந்த பிறகும் பக்கத்து முக்காலியில் நின்ற கீழக்குளத்துக்காரனும் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் விழுந்தான்.

"விழாதவன் எவனாவது மிச்சம் இருக்கானா?" என்றார் கோயில் தர்மகர்த்தா சலிப்போடு.

"இருக்கானே!" மாடக்கண்ணு கண்ணாடியை அவர் முன்னால் நிமிர்த்தினார். "விழுந்திருந்தா உள்ள கிடக்கணும்லா? கிடக்கானா, பாரும்."

தர்மகர்த்தா எட்டிப் பார்த்தார். உள்ளே ஒருவர் நிமிர்ந்து நின்றார். முகத்தில் நல்ல களை. இப்படிப்பட்டவருக்கு மரியாதை செய்யாமல் வேறு யாருக்குச் செய்வது? மறுபேச்சில்லாமல் பரிவட்டத்தைச் சட்டத்தில் கட்டினார்.

மேளதாளத்தோடு கண்ணாடி ஊர்வலம் போனது. வயிற்றெரிச்சல் தாங்காமல் நல்லபெருமாள் பின்னாலேயே நொண்டினான். மாமனார் வாசலுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்துக் கும்பிட்டார். உள்ளே இருந்தவரும் கும்பிட்டார்.

மாமனாருக்குக் கண் கலங்கிவிட்டது. மருமகன் பக்கம் திரும்பினார்.

"பரிவட்டம் கட்டின பெரிய மனுசன், எனக்குப் பதில் கும்பிடு போடுதாரு. நீரும் இருக்கீரே மாப்பிள்ளை, கல்யாணமாகி ஆறு வருசத்துல ஒருநாள் கும்பிட்டிருக்கீரா?"