பூட்டனார் வெட்டிய குளம்

அந்தப் பல்கலைக்கழகத்தின் சுவடிப் பிரிவு என்பது ஒரே ஒரு அறை, கிறீச்சிடும் மின்விசிறி, தற்காலிக ஆய்வாளர் திலகேஸ்வரி. அவ்வளவுதான். புதிதாக வந்த துணைவேந்தர் மகுடபதி ஒருநாள் அங்கே நுழைந்தார்.

"வேதியியல் துறையில மாசம் நாலு கட்டுரை வருது. உங்களுக்கு ஒண்ணுக்கே ஒரு வருஷமா? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு கட்டுரை வரணும். இல்லேன்னா பிரிவையே மூடிடுவேன்!"

"எழுதிடறேன் ஐயா. உங்க பூட்டனாரைப் பத்தி உங்க வீட்டுல இருந்து வந்த சுவடியையே எடுத்துக்கட்டுமா?"

மகுடபதிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தன் பூட்டனார் ஊருக்குக் குளம் வெட்டிக் கொடுத்த வள்ளல் என்று மேடைக்கு மேடை முழங்குபவர் அவர்.

வெள்ளிக்கிழமை கட்டுரை வந்தது. முதல் வரி: 'துணைவேந்தரின் பூட்டனார் ஊர்க் குளத்தைக் கெடுத்தார்.'

"என்னம்மா இது அநியாயம்? கொடுத்தார்னுல்ல இருக்கணும்!"

"இருக்கலாம் ஐயா. அந்த இடத்துல ஏடு செல்லரிச்சிருக்கு. துணைக்கால் இருந்து அழிஞ்சிருந்தா கொடுத்தார், இல்லேன்னா கெடுத்தார். வேற ஊர்ச் சுவடிகளைத் தேடி ஒப்பிட்டாத்தான் தெரியும். அதுக்கு ஒரு வருஷம் ஆகும். வெள்ளிக்கிழமைக்குள்ள கண்ணுல பட்டது இதுதான். நாளைக்கு அச்சுக்குப் போகுது."

மகுடபதி பதறி எழுந்தார். "அச்சை நிறுத்தும்மா! ஒரு வருஷம் என்ன, ரெண்டு வருஷமே எடுத்துக்கோ!"

"உங்க வீட்டு ஏட்டுக்கு மட்டுமா ஐயா, எல்லா ஏட்டுக்குமா?"

சத்தம் கேட்டு வாசலில் கூடிய பேராசிரியர்கள் சிரிப்பை மென்று விழுங்கினார்கள். "எல்லாத்துக்கும்தான்" என்று முனகினார் மகுடபதி.

திலகேஸ்வரி பேனாவை நீட்டினாள். "அதை எழுத்துல கொடுத்துடுங்க ஐயா. புள்ளி, கால் எதுவும் விட்டுப்போகாம."