வெள்ளைக் கோடு வரைக்கும்

ஓர் ஐப்பசி மாதத்து அடைமழையில், குமுதவல்லி என்பவள் வீட்டுக் கொல்லையில் துணி காயப்போடும் கயிறு ஒன்று வழக்கில் மாட்டிக்கொண்டது.

கயிற்றின் ஒரு முனை முருங்கை மரத்தில் கட்டியிருந்தது. மறுமுனை சமையலறை ஜன்னல் கம்பியில். மழை என்பதால் மேலே துணி ஏதும் இல்லை. கழற்ற மறந்த பச்சை கிளிப் ஒன்று மட்டும் நடுவில் கவ்விக்கொண்டு நின்றது.

முருங்கையின் அடியில் இருந்த எறும்புப் புற்றுக்குள் அன்று தண்ணீர் புகுந்துவிட்டது. எறும்புகள் முட்டைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறின. மரப்பட்டையெல்லாம் தண்ணீர் வழிந்தது. கால் நிற்கவில்லை.

"அண்ணே, உங்க மேல ஏறிக்கலாமா?" என்று முன்னால் வந்த எறும்பு கேட்டது.

கயிறு யோசிக்கவே இல்லை. "இதையெல்லாமா கேப்பாங்க? வா தாயி."

"நேரா போங்க, நேரா போங்க! ஜன்னலுக்கு உள்ளே கதகதன்னு இருக்கும்" என்று கிளிப் குரல் கொடுத்தது. முருங்கை வாயைத் திறக்கவில்லை. ஆனால் முடிச்சின் மேல் வழியை மறித்துக் கிடந்த ஓர் இலைக்காம்பை உதிர்த்து ஒதுக்கிவிட்டது.

ஜன்னல் விளிம்பில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. அதைப் பார்த்ததும் கயிற்றுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஆவணியில் ஒரு கல்யாணத்துக்காக அது வீட்டு வாசலில் மாவிலைத் தோரணம் தாங்கியிருக்கிறது. தினமும் விடிகாலையில் குமுதவல்லி அரிசிமாவில் கோலம் போடுவாள். கொஞ்ச நேரத்தில் எறும்புகள் வந்து மாவைத் தின்னும். "தின்னட்டும், அதுக்குத்தானே போடுறது" என்பாள் அவள்.

"அதோ பாருங்க, உங்களுக்குக் கோலம் போட்டு வச்சிருக்காங்க" என்றது கயிறு.

அது கோலம் இல்லை. எறும்பு மருந்து சாக்பீஸால் இழுத்த கோடு. முதலில் போன பதினேழு எறும்புகளும் அதில் கால் வைத்து, நாலடி நடந்து, சுருண்டு விழுந்தன.

துடைப்பம் ஓடி வந்தது. கயிற்றின் மேல் வந்துகொண்டிருந்த மற்ற எறும்புகளைப் பார்த்து, "விசாரணை முடியிற வரைக்கும் யாரும் நகரக் கூடாது" என்று அதட்டியது. அவை கிளிப்புக்குப் பக்கத்தில், முட்டைகளோடு, நின்ற இடத்திலேயே நின்றன. அங்கிருந்து பார்த்தால் ஜன்னலின் உள்பக்கம் தெரியாது. மழை இரைச்சலில் அதன் பிறகு நடந்த பேச்சும் எட்டவில்லை; என்ன நடந்தது என்றே அவற்றுக்குத் தெரியவில்லை.

அந்தச் சமையலறையில் எல்லோரும் பயந்து பேசுவது கேஸ் சிலிண்டரிடம் மட்டும்தான். ஆகவே அதுதான் நீதிபதி.

"ரெண்டு குற்றம் ஐயா" என்று துடைப்பம் தொடங்கியது. "ஒண்ணு, இந்தக் கயிறு எறும்புகளை வீட்டுக்குள்ள கொண்டுவரப் பார்த்தது. ரெண்டு, அதே எறும்புகளை வீட்டுக்குள்ள வரவிடாம வழியிலேயே சாகடிச்சது. நிரூபணம் ஆனா, அறுத்துக் குப்பையில போடணும்."

கயிற்றுக்குத் தலை சுற்றியது. "உள்ள வந்தாலும் குற்றம், வராட்டியும் குற்றமாங்க?"

"அது சட்டம். உனக்குப் புரியாது." துடைப்பத்தின் குரல் கம்மியது. "பதினேழு உயிர் ஐயா! பதினேழு!"

"போன வெள்ளிக்கிழமை நீ வாரிக் கொட்டினியே, அது எத்தனை உயிர்?" என்று கிளிப் கேட்டது.

"அது என் வேலை."

சாக்பீஸைக் கூப்பிட்டார்கள். அலமாரி மேலிருந்தபடியே அது சொன்னது: "நான் யாரையும் வான்னு கூப்பிடலை. யாரையும் துரத்திப் போய்க் கொல்லவும் இல்லை. என் கோடு பாட்டுக்குப் படுத்திருக்கு. மிதிச்சது அவங்க. கூட்டிட்டு வந்தது இவங்க."

"இவங்க என்றால்?" சிலிண்டர் நிமிர்ந்தது. "இது குழுவா, தனி ஆளா? குழு என்றால் எல்லோரும் பொறுப்பு."

முருங்கை இலைகளைச் சிலிர்த்துத் தண்ணீரை உதறியது.

"என் மேல யார் வேணும்னாலும் ஏறுவாங்க ஐயா" என்றது முருங்கை. "கம்பளிப்பூச்சிகூடத்தான் ஏறுது. அதைக் கேட்டா ஏறுது? எனக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லை."

"நீ?" என்று சிலிண்டர் கிளிப்பைக் கேட்டது.

"நானா? குழுவும் கிடையாது, கிழுவும் கிடையாது. கவ்வ வச்சாங்க, கவ்விக்கிட்டு இருக்கேன்."

"நேரா போங்கன்னு சொன்னது யாராம்?" என்றது துடைப்பம்.

"காத்து அடிச்சா என் வாய் தானா ஆடும். அதுல என்னென்னவோ சத்தம் வரும். அதையெல்லாம் பேச்சுன்னு எடுத்துக்கிட்டா நான் என்ன பண்றது?"

கயிறு முருங்கையைப் பார்த்தது, கிளிப்பைப் பார்த்தது. இருவருமே அதைப் பார்க்கவில்லை. இரண்டு பக்கமும் கட்டப்பட்டிருந்தும் அது தனியாக நின்றது.

"தெரிந்து செய்தாயா, தெரியாமல் செய்தாயா?" என்று சிலிண்டர் கயிற்றிடம் கேட்டது.

கயிறு கோலத்தைப் பற்றிச் சொன்னது. வாசலில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னது. "போட்டது ஒரே கை. ரெண்டும் வெள்ளை. வாசல்ல போட்டா சாப்பாடு, ஜன்னல்ல போட்டா விஷம்னு எனக்கு எப்படிங்க தெரியும்? ஒருவேளை நான் சரியாப் பார்த்திருக்கணுமோ? பார்த்தாலும் தெரிஞ்சிருக்குமா? எனக்கே புரியலைங்க."

சிலிண்டரின் வயிறு காலியாகிக்கொண்டிருந்தது. மறுநாள் அதைக் கொண்டுபோய்விட்டு வேறொன்றை வைத்துவிடுவார்கள். போகிற நேரத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததே என்று அதற்கு எரிச்சல்.

"தெரியாமல் உதவியது அஜாக்கிரதை. இந்த முறை எச்சரித்து விடுகிறேன்" என்றது கடைசியில். "இனி தெரிந்துகொண்டே உதவினால் குற்றம், அறுத்துவிட வேண்டியதுதான். உதவாமல் சும்மா இருந்தால் எந்தச் சட்டத்திலும் குற்றமில்லை."

"இப்ப என் மேல நிக்கிறவங்களை என்னங்க செய்யறது?"

"அவர்கள் இந்த வழக்கில் இல்லை" என்றது சிலிண்டர்.

துடைப்பம் ஜன்னல் ஓரமாகச் சாய்ந்து நின்றுகொண்டது. காவலாம்.

மழை வலுத்தது. புற்று இருந்த இடமே தெரியாமல் தண்ணீர் நின்றது. திரும்பிப் போக வழி இல்லை. கயிறு தீர்ப்பை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒவ்வொரு முறையும் அது வேறு மாதிரி அர்த்தம் கொடுத்தது.

முட்டை தூக்கி நின்ற ஓர் எறும்பு மெதுவாகக் கேட்டது: "அண்ணே, முன்னால போனவங்க போய்ச் சேர்ந்துட்டாங்களா? சத்தமே காணோமே. நாங்க இப்பப் போகலாமா?"

துடைப்பம் காதைத் தீட்டிக்கொண்டது.

போ என்றால் கொலை. அது கயிற்றுக்குத் தெரிந்தது. போகாதே என்றால்? அது உதவியா, தடையா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் எறும்புகள் தாங்களாகவே நடந்துபோய்விடும். அப்போது எந்தக் குற்றமும் தன்மேல் வராது. நீதிபதியே சொல்லிவிட்டது. ஆனால் அந்தப் பொடிக்கால்கள் தன் முறுக்கில் நடுங்குவதைக் கயிறு உணர்ந்தது. சட்டத்தில் அதற்கு என்ன பெயர் என்று அதற்குத் தெரியவில்லை.

"தாயி, அது கோலம் இல்லை" என்றது. "தொட்டா சாவு. முன்னால போனவங்க யாரும் உயிரோட இல்லை. நான்தான் வழி சொன்னேன்."

எறும்பு முட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு, "அப்ப எங்கே போறதுண்ணே?" என்றது.

"தெரியலை. சத்தியமாத் தெரியலை. மழை விடுற வரைக்கும் என் மேலேயே இருங்க. ஆடாம இருக்கப் பார்க்கிறேன்."

"கேட்டீங்களா ஐயா!" துடைப்பம் துள்ளியது. "தெரிஞ்சே தங்க வச்சிருக்கு! எழுதிக்கறேன். குற்றவாளி, ஒரு கயிறு."

"கூட ஒரு கிளிப்பையும் சேர்த்து எழுது" என்றது கிளிப்.

சொல்லிவிட்டு, முட்டைகளை உள்ளே நனையாமல் வைத்துக்கொள்ள, கயிற்றை விடாமல் வாயை முடிந்தவரை திறந்தது.