நத்தை ஓட்டில் அடங்காத கரடி

ஒரு காட்டில் கரடி ஒன்று தூதுவளைச் சாற்றைத் தேனில் குழைத்து இருமல் மருந்து செய்தது. அதைக் காலி நத்தை ஓடுகளில் அடைத்துக் கொடுத்துவந்தது.

ஒருநாள் சிங்கராஜாவுக்கே இருமல் வந்துவிட்டது. "என் இருமலை நிறுத்துகிறவருக்குத் தேன்பாறை சொந்தம்!" என்று சிங்கம் அறிவித்தது. அந்தக் காட்டிலேயே அதிகத் தேனடைகள் தொங்கும் இடம் அது. கரடிக்கு எச்சில் ஊறியது.

"பலரும் மருந்து அனுப்புவார்கள். என்னுடையது எது என்று ராஜாவுக்குத் தெரிய வேண்டும். ஒரு சின்னம் வரைந்து கொடு!" என்று கரடி மயிலிடம் கேட்டது.

மயில் பெரிய பாறை ஒன்றில் வரைந்தது. நடுவில் கரடி, கையில் தேனடை, சுற்றிலும் ஆறு தேனீக்கள், பின்னால் மலை.

"அருவி இல்லையே?" என்றது கரடி. அருவி வந்தது. "என் காது மயிர் இன்னும் கொஞ்சம்..." அதுவும் வந்தது. பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

அதை ஓட்டில் பொறிக்க எறும்பு வந்தது. "அண்ணே, ஓடு நெல்லிக்காய் அளவுதான். இதில் மலையா? நான் நிற்கவே இடமில்லை!"

"கலை தெரியாதவனே! உள்ளபடி வரை!" என்றது மயில். கரடியும் தலையாட்டியது. எறும்பு எல்லாவற்றையும் ஓட்டில் நெருக்கிப் பொறித்தது.

சபையில் சிங்கம் அந்த மருந்தை நக்கியது. இருமல் நின்றது! ஓட்டைத் திருப்பிப் பார்த்தது. கறுப்பாக ஓர் உருண்டை. ஓரத்தில் ஆறு கோடுகள்.

"அட, சாணிவண்டு! தேன்பாறை உனக்குத்தான்!"

"எனக்கா?" என்றது சபை ஓரத்தில் இருந்த சாணிவண்டு.

"ராஜா, அது நான்!" என்று கரடி அலறியது. "மயில் வரைந்த பாறையில் வந்து பாருங்கள், காது மயிர்கூடத் தெரியும்!"

"இருமும்போதெல்லாம் பாறையைத் தேடிப் போகவா? கொடுத்தது கொடுத்ததுதான்!"

மறுநாள் கரடி தேன்பாறையின் அடியில் போய் நின்றது. "தம்பி, கொஞ்சம் தேன்..."

அங்கே சாணி உருட்டிக்கொண்டிருந்த வண்டு அண்ணாந்து பார்த்தது. "யாரது? ஒரே கறுப்பாக இருக்கிறதே!"

கரடி வெட்கத்தோடு ஒரு பாதத்தை மட்டும் நீட்டியது. ஐந்து நகங்கள்.

"ஓ, கரடி அண்ணனா! இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே! ஏறிக்கொள்ளுங்கள். எனக்கு என் சாணி உருண்டை போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் கேட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும்!"

கரடி ஏறாமல் தன் பாதத்தைத் திருப்பிப் பார்த்தது. 'நான் மருந்தைக் காட்ட நினைத்தேனா, என்னைக் காட்ட நினைத்தேனா?'

பிறகு நேரே எறும்பிடம் போனது. "ஒரு பாதம், ஐந்து நகம். அவ்வளவுதான் தம்பி."

"மயில் கோபித்துக்கொண்டால்?"

"தோகையை மடக்கிக்கொண்டு ஓட்டுக்குள் வந்து கோபிக்கட்டும்!"

சிறிய இடத்தில் எல்லாவற்றையும் சொல்ல முயல்பவர், தாம் யார் என்பதைக்கூடச் சொல்லாமல் போய்விடுவார்.